கேமிங் பிசிக்கு சர்வர் பிராசஸர் போடலாமா? சூப்பர் கம்ப்யூட்டரின் தந்தை சீமோர் கிரே வாழ்க்கையில் இருக்கும் பதில்!

திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் 2024 டிசம்பர் 1-ம் தேதி மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து விழுந்ததில், குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. அடுத்த 12-வது நாள் மகா தீபம். மழை எச்சரிக்கை என்பது இந்த ஊருக்கு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அந்த எச்சரிக்கைக்கான கணக்கைப் போடுவது சூப்பர் கம்ப்யூட்டர்கள். அதில் இருப்பது பல்லாயிரம் கோர்கள். சரி, அதே ஊரில் ஒரு கல்லூரி மாணவர் கேம் விளையாட பிசி அசெம்பிள் பண்றார்னு வைங்க. 8 கோர் டெஸ்க்டாப் பிராசஸர் ஒரு பக்கம். பழைய சர்வரிலிருந்து கழற்றி, மலிவா விற்கிற 14 கோர் பிராசஸர் இன்னொரு பக்கம். கோர் அதிகமா இருந்தா வேகமும் அதிகம்தானே?

இல்லை என்பதுதான் பதில். வேகமான பிராசஸர் கொஞ்சம் போதுமா, சுமாரான பிராசஸர் நிறைய வேணுமா என்ற இந்தக் கேள்வியிலேயே முழு வாழ்க்கையையும் செலவழித்த ஒருவர் இருந்தார். அவர்தான் சீமோர் கிரே.

யார் இந்த சீமோர் கிரே?

1925 செப்டம்பர் 28-ம் தேதி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள சிப்பெவா ஃபால்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா சிவில் இன்ஜினியர். சீமோருக்கு 10 வயது இருக்கும்போதே, விளையாட்டுச் சாமான்களை வைத்து, காகித நாடாவில் போட்ட துளைகளை மோர்ஸ் தந்திக் குறியீடாக மாற்றும் கருவியைச் செய்தார்.

இரண்டாம் உலகப் போரில் ராணுவ ரேடியோ பிரிவில் வேலை. பிறகு பிலிப்பைன்ஸில் ஜப்பானியர்களின் ரகசியக் குறியீடுகளை உடைக்கும் பணி. போர் முடிந்து ஊர் திரும்பியவர், மின் பொறியியலும் அடுத்து பயன்பாட்டுக் கணிதமும் படித்துவிட்டு கம்ப்யூட்டர் துறைக்குள் வந்தார். 1957-ல் தொடங்கப்பட்ட கன்ட்ரோல் டேட்டா, அதாவது சிடிசி நிறுவனத்தில் சேர்ந்த பிறகுதான் அவர் பெயர் வெளியே தெரிய ஆரம்பித்தது.

34 பேர் செய்த சாதனை

தலைமை அலுவலகத்தின் மீட்டிங், போன் தொல்லையெல்லாம் கிரேவுக்கு ஆகாது. 1962-ல் தன் ஆய்வகத்தையே சொந்த ஊருக்கு மாற்றிக்கொண்டார். அங்கே உருவாகி 1964-ல் வெளிவந்ததுதான் சிடிசி 6600. அதுவரை உலகின் வேகமான கம்ப்யூட்டராக இருந்த ஐபிஎம் ஸ்ட்ரெட்சைவிட சுமார் 3 மடங்கு வேகம்!

இதைச் செய்த குழுவில் துப்புரவுப் பணியாளரையும் சேர்த்து 34 பேர்தான். இவ்வளவு பெரிய ஐபிஎம் எப்படித் தோற்றது என்று அதன் தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் தன் அதிகாரிகளிடம் காட்டமாக எழுதிக் கேட்கும் அளவுக்குப் போனது விஷயம்.

6600-ல் கிரே செய்த ஒரு வேலை முக்கியமானது. கணக்குப் போட ஒரே ஒரு வலுவான பிராசஸர். தகவலை உள்ளே கொண்டுவருவது, வெளியே அனுப்புவது மாதிரியான எடுபிடி வேலைக்கு 10 சின்னப் பிராசஸர்கள். முக்கியமான வேலையைச் செய்பவர் எதற்காகவும் காத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

8 எம்பி மெமரி, 5 டன் எடை!

சிடிசியை விட்டு வெளியேறி, 1972-ல் கிரே ரிசர்ச் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1976-ல் வந்தது கிரே-1. விநாடிக்கு அதிகபட்சம் 16 கோடி கணக்குகள். 80 மெகாஹெர்ட்ஸ் வேகம், 8 எம்பி மெமரி, எடை 5 டன்னுக்கும் மேல். இன்றைக்கு உங்க கையில் இருக்கும் போன் இதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகம். ஆனால் அன்றைக்கு உலகமே வாயைப் பிளந்தது.

அந்த மெஷினை மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து 'சி' மாதிரி வளைந்திருக்கும். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. ஒளியே ஒரு நானோ விநாடியில் சுமார் 30 சென்டிமீட்டர்தான் போகும். ஒயர் நீளமானால் மின் சமிக்ஞை வந்துசேர நேரமாகும், அதுவரை பிராசஸர் சும்மா நிற்கும். வளைத்து வைத்தால் உள்பக்க ஒயர்கள் குட்டையாகிவிடும்.

இதே காலத்தில் சிடிசி கொண்டுவந்த ஸ்டார்-100 என்ற மெஷினும் பேப்பரில் பிரமாதமாக இருந்தது. நீளமான பட்டியலை மொத்தமாகக் கொடுத்தால் அடித்து நொறுக்கும். சின்னச் சின்னக் கணக்கைக் கொடுத்தால் திணறும். நிஜ வேலையில் இரண்டும் கலந்தே வருவதால் ஸ்டார்-100 எடுபடவில்லை. கிரே-1 இரண்டிலும் வேகம். விற்பனை 80-ஐத் தாண்டியது.

முதலில் காசு கொடுத்து வாங்கியது யார் தெரியுமா? அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையம். 1977-ல் கொடுத்த விலை 88.6 லட்சம் டாலர்.

இந்தியாவுக்கு வந்த கிரே

பருவமழையைக் கணிக்க இந்தியாவுக்கும் இப்படி ஒரு மெஷின் தேவைப்பட்டது. ராஜீவ் காந்தி ஆட்சியில் அமெரிக்காவிடம் கேட்டபோது, ராணுவ வேலைக்குப் பயன்படுத்திவிடுவார்களோ என்று அங்கே தயங்கினார்கள். நீண்ட பேச்சுக்குப் பிறகு, இந்தியா கேட்ட இரண்டு பிராசஸர் மாடலுக்குப் பதிலாக, ஒரே பிராசஸர் கொண்ட கிரே எக்ஸ்-எம்பி/14 கிடைத்தது. வானிலைக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கடும் நிபந்தனைகளோடு 1980-களின் கடைசியில் டெல்லியில் அது நிறுவப்பட்டது.

இந்த இழுபறியால்தான் 1988-ல் புனேயில் சி-டாக் உருவானது. விஜய் பட்கர் தலைமையிலான குழு 1991-ல் பரம் 8000-ஐ உருவாக்கியது. அதில் கிரே பாணியின் ஒற்றை ராட்சத பிராசஸர் கிடையாது. சின்னச் சின்னப் பிராசஸர்களைக் கோத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் வேலை வாங்கும் முறை.

உழவுக்கு எருதா, கோழியா?

உலகமும் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. நிலத்தை உழ இரண்டு வலுவான எருதுகளை விட்டுவிட்டு 1,024 கோழிகளையா கட்டுவீர்கள் என்று கிரே கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். தீபத் திருவிழா மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை சட்டென்று புரியும்.

ஆனால் கோழிகள் ஜெயித்தன. மலிவான மைக்ரோபிராசஸர்கள் வருடா வருடம் வேகமெடுத்தன. பனிப்போர் முடிந்ததும் ராட்சத மெஷின்களை வாங்க அரசுகளிடம் பணம் குறைந்தது. கேலியம் ஆர்சனைடு என்ற புதுப் பொருளை நம்பி கிரே இறங்கிய கிரே-3 திட்டத்தில், 1993-ல் ஒரே ஒரு மெஷின்தான் வெளியே போனது. 1995 மார்ச்சில் அவருடைய கிரே கம்ப்யூட்டர் நிறுவனம் திவால்.

அப்போது அவருக்கு 69 வயது. ஓய்வெடுக்கவில்லை. 1996-ல் எஸ்ஆர்சி என்ற புது நிறுவனம் ஆரம்பித்தார். இந்த முறை, அவர் எதிர்த்த அதே வழியில், நிறைய பிராசஸர்களைச் சேர்த்து ஒரு மெஷின் கட்டத் திட்டம். அது முடியும் முன்பே, செப்டம்பர் 22-ம் தேதி கொலராடோவில் அவர் ஓட்டிச் சென்ற கார் விபத்தில் சிக்கியது. அக்டோபர் 5-ம் தேதி, 71 வயதில் கிரே காலமானார்.

வானிலைக்கு ஏன் ஆயிரக்கணக்கில் கோர்?

வானிலைக் கணக்கில் வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கோருக்கும் சில கட்டங்கள். பக்கத்துக் கட்டத்தில் என்ன நடந்தது என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டால் போதும். அன்னதானத்துக்குக் காய் நறுக்குவது மாதிரி, 100 பேர் உட்கார்ந்தால் சீக்கிரம் முடியும்.

இந்தியாவின் முக்கிய உலகளாவிய கணிப்பு மாடலில் ஒரு கட்டத்தின் அளவு 12 கிலோமீட்டராக இருந்தது. 2025 மே மாதம் வந்த பாரத் முன்கணிப்பு முறையில் அது 6 கிலோமீட்டர் ஆனது. இதை ஓட்டுவது 2024-ல் புனேயில் தொடங்கப்பட்ட அர்கா சூப்பர் கம்ப்யூட்டர். கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் கணக்கு சுமார் 8 மடங்கு ஏறும். ஏன்னா நீளம், அகலம் இரண்டிலும் கட்டங்கள் இரட்டிப்பாகும், நேரத்தையும் இன்னும் பொடியாக நறுக்கணும்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதை வட்டமாக நினைத்தால் குறுக்களவு சுமார் நாலரை கிலோமீட்டர்தான். அதாவது 2,668 அடி உயர மலை மொத்தமும் 6 கிலோமீட்டர் கட்டம் ஒன்றுக்குள்ளேயே அடங்கிவிடும் அளவு. எந்தச் சரிவில் எவ்வளவு மழை என்று பிரித்துப் பார்க்க அந்த மாடலால் இன்னும் முடியாது. கோர்களுக்கான பசி அடங்காததற்கு இதுதான் காரணம்.

அப்போ கேமிங்குக்கு?

இங்கே கிரே சொன்னதுதான் சரி. 60 எஃப்பிஎஸ் வேணும்னா ஒவ்வொரு பிரேமும் சுமார் 16.7 மில்லி விநாடிக்குள் தயாராகணும். நீங்க பட்டனை அழுத்தணும், எதிரி நகரணும், மோதல் நடந்ததா என்று பார்க்கணும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. அரிசி வேக 20 நிமிஷம் ஆகும்னா, அடுப்பைச் சுற்றி 100 பேர் நின்றாலும் 20 நிமிஷம்தான்!

ஒரு ஒப்பீடு:

• ரைசன் 7 9800எக்ஸ்3டி (டெஸ்க்டாப்): 8 கோர், உச்ச வேகம் 5.2 கிகாஹெர்ட்ஸ், 96 எம்பி எல்3 கேஷ்.

• ஜியான் இ5-2680 வி4 (2016-ல் வந்த சர்வர் ரகம்): 14 கோர், உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ்.

• எபிக் 9965 (புது சர்வர் ரகம்): 192 கோர், உச்ச வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ்.

கேமில் முதலாவதுதான் முன்னே நிற்கும். அந்த 96 எம்பி கேஷைக் கவனிங்க. மெமரியைக் கோருக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைப்பது, கிரே ஒயரைக் குட்டையாக்கிய அதே யோசனைதான். கிரே-1-ன் மொத்த மெமரியைப் போல 12 மடங்கு இப்போது ஒரு சில்லுக்குள்.

எது யாருக்கு?

கேம் மட்டும்னா: 6 முதல் 8 வேகமான கோர் உள்ள டெஸ்க்டாப் பிராசஸர் போதும். மிச்சக் காசை கிராபிக்ஸ் கார்டில் போடுங்க.

கேமோடு வீடியோ எடிட்டிங், 3டி ரெண்டரிங்னா: 12 அல்லது 16 கோர் டெஸ்க்டாப் ரகம்.

நாள் முழுக்க ஓடும் ரெண்டரிங், ஒரே மெஷினில் பல விர்ச்சுவல் மெஷின், நிறைய ரேம் கேட்கும் வேலைன்னா: சர்வர் ரகம். பிழை திருத்தும் ரேம், அதிக மெமரி சேனல் எல்லாம் இங்கேதான் கைகொடுக்கும்.

பழைய சர்வர் பிராசஸர் மலிவா கிடைத்தாலும் மதர்போர்டு, மின்சாரச் செலவு, வாரண்டி மூன்றையும் கணக்கில் சேர்த்துப் பாருங்க.

வாங்கும் முன் ஒரு சின்ன சோதனை: இப்போ இருக்கும் கம்ப்யூட்டரில் உங்க வேலையை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறங்க. எல்லா கோரும் 100 சதவீதத்தில் முட்டி நின்றால் உங்களுக்குத் தேவை கூடுதல் கோர். கிராபிக்ஸ் கார்டிலும் ரேமிலும் இடம் மிச்சம் இருந்து, பாதி கோர் சும்மா கிடக்க வேலை மட்டும் இழுத்தால், தேவை வேகமான கோர்.