அங்காதிபாதம் தந்த வைத்தியர்

கேசாதிபாதமும் பாதாதிகேசமும் பாடிப் பழகிய மொழி தமிழ். தலைமுதல் அடிவரை அவயவங்களை ஒவ்வொன்றாய் வருணித்த அம்மொழிக்கு, தோலின் கீழுள்ள நரம்பையும் நாளத்தையும் எண்ணிச் சொல்லும் வேறோர் அங்காதிபாதத்தைத் தந்தவர் அமெரிக்கர் ஒருவர். அவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் அவர் பிறந்தார். அதே ஆண்டு டிசெம்பரில் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார் என்பது நினைக்கத்தக்கது. நாவலர் மிசனரிமாரின் பாடசாலையை விட்டு வெளியேறிய 1848ஆம் ஆண்டிலேயே கிறீன் மானிப்பாயில் தமது வைத்திய வகுப்பைத் தொடங்கினார். ஒருவர் மிசனரி, மற்றவர் மிசனரிமாரை எதிர்த்து நின்றவர். எனினும் தமிழ் உரைநடை இருவருக்கும் கடன்பட்டிருக்கின்றது.

நியூயோர்க்கில் 1845இல் வைத்தியப் பட்டம் பெற்ற கிறீன், அமெரிக்க மிசனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். நோயாளரைப் பார்ப்பதோடு அவர் பணி முடியவில்லை. தாம் ஒருவர் எத்தனை பேரைக் காக்க இயலும் என்ற கேள்வியே அவரை ஆசிரியராக்கியது. தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. ஆயினும் தமிழில் நூல் வேண்டுமென்ற எண்ணம் அப்போதே அவரிடம் வேரூன்றியிருந்தது. கட்டர் என்பார் மாணவருக்கென எழுதிய உடலமைப்பு, உடற்றொழில், சுகாதார நூல் 1857இல் தமிழில் வெளிவந்தது. அங்காதிபாதம், சுகரணவாதம் என்னும் பெயர்கள் அந்நூலின் வழியே மாணவரிடம் வழக்கூன்றின.

தாயகம் சென்று 1862இல் மனைவியுடன் திரும்பிய கிறீன், இரண்டாண்டுகளின்பின் துணிவானதொரு முடிவை எடுத்தார். 1864 முதல் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஆங்கிலம் உத்தியோகத்திற்கு வாயிலாயிருந்த காலம் அது. ஆங்கிலத்தில் கற்க வேண்டுமென்றே இளைஞர் விரும்பினர். கிறீனோ, ஆங்கிலத்தில் கற்றவன் சம்பளத்தைத் தேடி ஊரை விட்டுப் போவான், தமிழில் கற்றவன் தன் கிராமத்து மக்களிடையே இருப்பான் என்று கணித்தார். தம்மிடம் கற்போர் உடையாலும் உணவாலும் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாயிருந்தார். மாணவனின் ஆசைக்கும் ஊரின் தேவைக்கும் இடையே அவர் தேர்ந்தது ஊரையே. அதனால் மாணவனுக்கு இழப்பு நேர்ந்ததையும் மறைத்தல் தகாது.

மொழிபெயர்ப்பில் அவர் கைக்கொண்ட முறை புலவர்கள் கவனிக்கத்தக்கது. முதலில் தமிழில் வழங்கும் சொல் உண்டா என்று தேடினார். இல்லையேல் சமஸ்கிருதத்தை நாடினார். அங்கும் கிடையாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசையச் செய்துகொண்டார். இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டமை இம்மூன்றாம் வழி. வடசொற் செறிவு இன்று நமக்குச் சற்றுக் கடினமாய்த் தோன்றலாம். ஆயின் ஒரு நரம்பிற்கோர் பெயர், ஓர் என்பிற்கோர் பெயர் என்று நூல் முழுதும் மாறாது வழங்கும் ஒழுங்கு அதிலுண்டு. பொருள் நழுவாது சொல்லைப் பிடித்து நிறுத்தல் கவிஞனுக்கும் எளிதன்று.

இலண்டனில் 1858இல் வெளிவந்த கிறேயின் உடலமைப்பு நூல், பதினான்கு ஆண்டுகளில், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழாயிற்று. எண்ணூறு பக்கங்களைக் கடந்த பெருநூல் அது. இரண வைத்தியமும் பிரசவ வைத்தியமும் அதற்கு முன்னரே வந்துவிட்டன. இவை கிறீன் தனித்துச் செய்தவையல்ல. டன்வர்த், சப்மன், வில்லியம் போல், சுவாமிநாதன் முதலிய மாணாக்கர் மொழிபெயர்த்தனர், கிறீன் திருத்தினார். ஆங்கிலப் பெயர் தாங்கிய இவர்களும் தமிழரே. மிசன் பாடசாலைகளில் அவ்வாறு பெயர் சூட்டுதல் அக்கால வழக்கம். கிறீனைப் போற்றுவோர் இவர்களை மறந்துவிடுவது வருந்தத்தக்கது.

1873இல் கிறீன் மானிப்பாயை விட்டுப் புறப்பட்டார். அதற்குள் அவரிடம் கற்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டனர். வூஸ்ரரில் இருந்தும் தமிழ்ப்பணி ஓயவில்லை. டால்ற்றனின் உடற்றொழில் நூல் 'மனுஷ சுகரணம்' என 1883இல் அச்சேறியது. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேலாயின. மறு ஆண்டு மே மாதம் அவர் காலமானார். தம் கல்லறையில் தமிழருக்கு வைத்தியராயும் நற்செய்தியாளராயும் இருந்தமையையே பொறிக்க வேண்டுமென்று விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

நியூயோர்க் மாநகரை உருவாக்கியவரென அமெரிக்கர் கொண்டாடும் அன்ட்ரூ கிறீன் இவருடைய தமையனார். தமையனார் நகரமைத்தார், தம்பியார் சொல்லமைத்தார்.

கொழும்பில் 1870இல் தொடங்கிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தையே போதனாமொழியாகக் கொண்டது. மானிப்பாயின் தமிழ் வகுப்பு கிறீனுக்குப் பின் நிலைக்கவில்லை. நூல்கள் அலுமாரிகளுள் ஒதுங்கின. நூற்றாண்டு ஒன்று கழியுந் தறுவாயில் அவற்றைத் தேடியெடுத்து, அவர் வரலாற்றை நூலாக்கியவர் ஒரு கவிஞர். ஈழத்துக் கவிஞர் அம்பியே அவர்.