அடுத்த மாடலை யோசித்தே வாழ்ந்தவர்.. யார் இந்த சார்லஸ் பாபேஜ்?

புது லேப்டாப் இப்பவே வாங்கலாமா, அடுத்த பிராசஸர் வரும்வரை காத்திருக்கலாமா? இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. கம்ப்யூட்டரின் தந்தை எனப்படும் சார்லஸ் பாபேஜின் வாழ்க்கையே இதில்தான் போனது.

1791-ல் லண்டனில் பிறந்தவர் பாபேஜ். அப்போது மாலுமிகள் நம்பியிருந்த கணித அட்டவணைகளை மனிதர்களே கணக்கிட்டார்கள். அதில் ஏகப்பட்ட பிழைகள். பிழையில்லாமல் கணக்குப் போட்டு அச்சிட, ‘டிஃபரன்ஸ் இன்ஜின்’ என்ற இயந்திரத்தைத் திட்டமிட்டார். 1823-ல் பிரிட்டிஷ் அரசு பணம் கொடுத்தது.

இயந்திரத்தைச் செய்துவந்த ஜோசப் கிளமென்ட்டுடன் தகராறு வர, 1833-ல் வேலை நின்றது. அடுத்த ஆண்டே பாபேஜுக்கு இன்னும் பெரிய யோசனை. அதுதான் ‘அனலிட்டிக்கல் இன்ஜின்’.

கணக்குப் போட ‘மில்’, எண்களை வைக்க ‘ஸ்டோர்’, கட்டளை கொடுக்கத் துளையிட்ட அட்டைகள். இன்றைய கணக்கில் பிராசஸர், மெமரி, புரோகிராம்!

பழசை முடிப்பதா, புதுசைத் தொடங்குவதா? 17,000 பவுண்டு வரை செலவழித்த அரசு, 1842-ல் கைகழுவியது. பாபேஜ் வரைபடங்களை மேம்படுத்திக்கொண்டே இருந்தார். 1871-ல் அவர் இறந்தபோது, முழுசாக முடிந்த இயந்திரம் ஒன்றுகூட இல்லை.

அப்போ டிசைன் தப்பா? அதுவும் இல்லை. 1840-களில் அவர் வரைந்த ‘டிஃபரன்ஸ் இன்ஜின் நம்பர் 2’-வின் கணக்கிடும் பகுதியை, அவரது 200-வது பிறந்த ஆண்டான 1991-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் செய்து முடித்தது. கணக்கு சரியாகவே வந்தது. பாபேஜ்தான் பார்க்க இல்லை.