கார்பைன் வில்லியம்ஸ்: ஜெயில் பட்டறையில் இருந்து வந்த பிஸ்டன்



புது போன் வாங்கணும்னா நாம என்ன செய்வோம்? எடை எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், கீழே விழுந்தா உடையுமான்னு ஒரு பட்டியல் போடுவோம். நாலு மாடலைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம். அப்புறம்தான் காசு.

1940-ல் அமெரிக்க ராணுவமும் இப்படி ஒரு பட்டியல் போட்டது. வாங்க நினைத்த பொருள், ஒரு செமி ஆட்டோமேட்டிக் கார்பைன். கார்பைன் என்றால் நீளமும் எடையும் குறைந்த ரைபிள். செமி ஆட்டோமேட்டிக் என்றால் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு போகும். அடுத்த குண்டைத் துப்பாக்கியே உள்ளே ஏற்றிக்கொள்ளும்.

முன்வரிசை வீரர்களுக்கு எம்1 காரண்ட் ரைபிள் ஏற்கெனவே இருந்தது. எடை 4.3 கிலோ. ஆனா லாரி ஓட்டுறவர், ரேடியோ தூக்குறவர், பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுக்கிறவர் இவங்களுக்கெல்லாம் அது பெரிய பாரம். அவங்க இடுப்புல இருந்த பிஸ்டலோ, கொஞ்ச தூரம் தாண்டினா குறி தவறும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு வேணும். எடை 5 பவுண்டு, அதாவது சுமார் 2.3 கிலோ. எட்ட வேண்டிய தூரம் 300 கெஜம். இதுதான் கேட்ட ஸ்பெக்.

அந்தப் பட்டியலுக்குப் பொருத்தமான துப்பாக்கியின் உயிர்ப்பகுதியை யோசித்தவர் ஒரு கொலைக் குற்றத்துக்காக ஜெயிலில் இருந்தவர். அவர் கதையைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ், 1900 நவம்பரில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கம்பர்லேண்ட் கவுண்டியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பில் நாட்டமில்லை. வயதை மறைத்துக் கடற்படையில் சேர்ந்தார், வெளியே அனுப்பினார்கள். ராணுவப் பள்ளியில் சேர்த்தார்கள், அங்கும் நிலைக்கவில்லை. கல்யாணம் ஆனது, ரயில்வேயில் வேலை பார்த்தார். பிறகு காட்டுக்குள் கள்ளச்சாராயம் காய்ச்சத் தொடங்கினார். அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு இருந்த காலம் அது.

1921 ஜூலையில் போலீஸ் அந்த அடுப்பைத் தேடி வந்தது. துப்பாக்கிச் சண்டை நடந்தது. துணை ஷெரீஃப் ஆல்ஃபிரட் பேட் குண்டடிபட்டு இறந்தார். முதல் விசாரணையில் ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அதன்பின் வில்லியம்ஸ் இரண்டாம் நிலைக் கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை 20 முதல் 30 ஆண்டு. அவருக்கு அப்போ வயசு 21. நம்ம ஃபைனல் இயர் வயசு.

கலடோனியா என்ற சிறைப் பண்ணைக்கு அனுப்பினார்கள். அதன் கண்காணிப்பாளர் பீப்பிள்ஸ், இந்த இளைஞனின் கை வேலையைக் கவனித்தார். பட்டறையில் வேலை கொடுத்தார். காவலர்களின் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிற வேலையும் மெல்ல அவரிடம் வந்தது. கைதி கையில் காவலரின் துப்பாக்கி! யோசிச்சுப் பாருங்க. அம்மா வரைபடக் கருவிகளையும் தொழில்நுட்பத் தகவல்களையும் அனுப்பி வைத்தார். பழைய இரும்பையும் வேலிக்கு நட்ட வால்நட் கட்டையையும் செதுக்கி, வில்லியம்ஸ் தானாகக் குண்டேற்றும் ரைபிள்களைச் செய்யத் தொடங்கினார்.

இப்போ கொஞ்சம் மெக்கானிக்கல். மற்ற டிபார்ட்மென்ட் மக்களும் ஓடிடாதீங்க, ரொம்ப எளிமைதான்.

குண்டு வெடித்ததும் குழாய்க்குள் கடும் அழுத்தத்தில் வாயு உருவாகும். அதில் கொஞ்சத்தை ஒரு துளை வழியா எடுத்து, பிஸ்டனைத் தள்ளி, போல்ட்டைத் திறந்து, காலித் தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்ததை ஏற்ற வேண்டும். காரண்ட் ரைபிளில் இந்த வாயுவைக் குழாயின் முனைக்குப் பக்கத்தில் எடுத்தார்கள். அதனால் பிஸ்டனோடு சேர்ந்த ஒரு நீளமான கம்பி, முனையில் இருந்து போல்ட் வரை முழுத் தூரமும் போய் வரணும். நீளம் கூடினா எடை கூடும்.

வில்லியம்ஸின் வழி வேறு. கேரம் போர்டை நினைச்சுக்கோங்க. ஸ்ட்ரைக்கர் காயின் கூடவே பாக்கெட் வரைக்கும் போகணும்னு அவசியமில்லை. ஒரு அடி கொடுத்துட்டு நின்னா போதும், காயின் தானா ஓடும். அதே மாதிரி ஒரு குட்டி பிஸ்டன். எம்1 கார்பைனில் அது நகரும் தூரம் வெறும் மூன்றரை மில்லிமீட்டர் அளவுதான். பின்னால் இருக்கிற ஸ்லைடுக்கு ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றுவிடும். ஸ்லைடு வாங்கிய வேகத்திலேயே பின்னால் ஓடி மீதி வேலையை முடிக்கும். ஷார்ட் ஸ்ட்ரோக் பிஸ்டன் என்று இதற்குப் பெயர். நீளக் கம்பி வேண்டாம், எடையும் மிச்சம்.

ஜெயிலுக்கு வெளியே குடும்பம் விடுதலைக்காக மனு மேல் மனு போட்டது. அவரைச் சரணடைய வைத்த ஷெரீஃப் அதில் சேர்ந்துகொண்டார். இறந்துபோன துணை ஷெரீஃபின் மனைவியும் சேர்ந்துகொண்டார். கணவனை இழந்த ஒருத்தர் எந்த மனசோட அந்தக் கையெழுத்தைப் போட்டிருப்பார்? இந்தக் கதையில நான் ரொம்ப நேரம் நின்ன இடம் இதுதான். ஆளுநர் மெக்லீன் தண்டனையைக் குறைத்தார். 1929-ல் வில்லியம்ஸ் வெளியே வந்தார்.

அடுத்த பத்து வருஷம் வேலை, காப்புரிமை, மறுபடி வேலை. சின்ன .22 குண்டின் உதையைப் பெருக்கிக் காட்டும் மிதக்கும் சேம்பர் என்ற அமைப்பு அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. விலை குறைந்த குண்டை வைத்தே மெஷின் கன் பயிற்சி கொடுக்க ராணுவத்துக்கு அது உதவியது. கோல்ட் நிறுவனத்தின் .22 பயிற்சிப் பிஸ்டலிலும் அது இடம் பிடித்தது. 1939-ல் வின்செஸ்டர் நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே ஜொனாதன் பிரவுனிங் என்பவர் ஒரு ரைபிளைப் பாதியில் விட்டுவிட்டு இறந்திருந்தார். அதன் வாயு அமைப்பைத் தூக்கிவிட்டு, வில்லியம்ஸ் தன் குட்டி பிஸ்டனை வைத்தார்.

இப்போ நம்ம பட்டியலுக்கு வருவோம். 1941-ல் அபர்டீன் சோதனைத் தளத்தில் ராணுவம் முதல் சுற்றுப் போட்டி நடத்தியது. பல நிறுவனங்கள் வந்தன. காரண்ட் ரைபிளைச் செய்த ஜான் காரண்டே ஒரு மாடல் அனுப்பினார். எதுவும் திருப்தி தரவில்லை. வின்செஸ்டர் அந்தச் சுற்றில் இல்லை. ஆனால் அவர்கள் கையில் இருந்த அந்தப் பிஸ்டன் ரைபிளைப் பார்த்த ராணுவ அதிகாரி ஸ்டட்லர், இதையே சின்னதாக்கித் தர முடியுமா என்று கேட்டார்.

இங்கேதான் கதை திரும்புது. வில்லியம்ஸ் தனியாக, தன் வேகத்தில் வேலை செய்யும் ஆள். கோபக்காரர். நிறுவனத்திடம் நாள் இல்லை. வில்லியம் ரோமர், ஃப்ரெட் ஹியூம்ஸ்டன் ஆகிய பொறியாளர்களிடம் பொறுப்பு போனது. 13 நாளில் முதல் மாதிரி தயார். எப்படி? எல்லாத்தையும் புதுசா யோசிக்கல. போல்ட் பூட்டும் முறையைக் காரண்டில் இருந்து எடுத்தார்கள். விசைப் பகுதியை வின்செஸ்டரின் பழைய 1905 மாடலில் இருந்து எடுத்தார்கள். பிஸ்டன் மட்டும் வில்லியம்ஸுடையது. அவரும் தனியாக ஒரு கார்பைன் செய்துகொண்டிருந்தார். அது முடிந்தபோது போட்டியே முடிந்துபோயிருந்தது.

செப்டம்பரில் நடந்த கடைசிச் சுற்றில் வின்செஸ்டர் மாடல் ஜெயித்தது. 1941 அக்டோபரில் ராணுவம் அதை எம்1 கார்பைன் என்று ஏற்றுக்கொண்டது. குண்டில்லாமல் எடை சுமார் 2.4 கிலோ. மேகசினில் 15 குண்டு. குறை இல்லையா? உண்டு. குண்டின் ஆற்றல் காரண்ட் குண்டில் மூன்றில் ஒரு பங்குதான். பின்னால் கொரியப் போரின் கடும் குளிரில் வீரர்கள் நிறையவே குறை சொன்னார்கள். ஆனா பட்டியலை மறுபடி பாருங்க. பிஸ்டலுக்குப் பதிலா ஒண்ணு வேணும்னுதான் கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு இது சரியான பதில். முன்வரிசை ரைபிளா நினைச்சு வாங்கினா ஏமாற்றம்தான். எந்தப் பொருளை எடைபோட்டாலும் யாருக்கு, எதுக்குன்னு முதல்ல கேக்கணும்.

போர் முடியும்போது 60 லட்சத்துக்கும் மேல் தயாராகியிருந்தது. செய்தவர்கள் யார் யார் தெரியுமா? ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு, ஐபிஎம், டைப்ரைட்டர் செய்த அண்டர்வுட், பாட்டுப் பெட்டி செய்த ராக்-ஓலா! துப்பாக்கியே செய்யாத தொழிற்சாலைகளும் செய்ய முடிந்தது என்றால் அந்த வடிவமைப்பு எவ்வளவு எளிமை என்று புரியும்.

1952-ல் ஹாலிவுட் அவர் வாழ்க்கையைப் படமாக எடுத்தது. ஜேம்ஸ் ஸ்டீவர்ட் வில்லியம்ஸாக நடித்தார். படம் பார்த்தவர்களுக்கு எம்1 கார்பைனை ஒரே ஆள் செய்தார் என்ற எண்ணமே மிஞ்சியது. கார்பைன் வில்லியம்ஸ் என்ற பெயர் நிலைத்தது. ரோமரையும் ஹியூம்ஸ்டனையும் துப்பாக்கி வரலாறு படிக்கிறவங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. வில்லியம்ஸின் பட்டறை அப்படியே பெயர்த்தெடுக்கப்பட்டு ராலே நகர அருங்காட்சியகத்துக்குப் போனது. 1975 ஜனவரியில் அதே ராலே நகரில் அவர் இறந்தார்.

அவரைக் கொண்டாடணுமா, திட்டணுமா? எனக்கு ரெண்டுமே வேண்டாம்னு தோணுது. அந்த பிஸ்டன் அவருடையது, அதை யாரும் பறிக்க முடியாது. துப்பாக்கி முழுசும் அவருடையது இல்லை, அதையும் மறைக்கக் கூடாது. ஆல்ஃபிரட் பேட் என்ற மனிதர் அன்று மாலை வீட்டுக்குத் திரும்பவில்லை. எத்தனை காப்புரிமை வாங்கினாலும் அந்தக் கணக்கு நேராகாது.

இந்த செமஸ்டர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுவீங்க இல்ல? முதல் பக்கத்துல யார் பேர் பெருசா வருதுன்னு பாருங்க. அப்புறம், 13 நாள் ராத்திரி பகலா உட்கார்ந்து அதை ஓட வச்சது யார்னும் கொஞ்சம் யோசிங்க. அவங்க பேரும் அந்தப் பக்கத்துல இருக்கட்டும்.