தரங் காத்த அறிஞர் வோல்ற்றர் ஷூஹார்ட்

விஞ்ஞான உலகிலே சிலர் பெயர் பள்ளிச் சிறார் நாவிலும் வழங்குகின்றது. வேறு சிலர் செய்த வேலை உலகெங்கும் பரந்து கிடப்பினும், அவர் பெயர் அத்துறையிற் புகுந்தார்க்கன்றிப் பிறர்க்குத் தெரிவதில்லை. இவ்விரண்டாம் வகையினருள் ஒருவர் வோல்ற்றர் அன்றூ ஷூஹார்ட். தொழிற்சாலைகளிற் செய்யப்படும் பொருள்களின் தரத்தைப் புள்ளிவிபர முறையாற் காக்குங் கலைக்கு வித்திட்டவர் இவரே. இம் மலரைப் படிக்கும் பழைய மாணவருள் தொழிற்சாலை நடத்துவோரும் ஆய்வுகூடத்திற் பணிபுரிவோரும் இருப்பர். அவர்கள் கண்முன்னே தொங்குங் கட்டுப்பாட்டு வரைபடத்தை முதன்முதல் வரைந்த கை எவருடையதென அறிதல் நன்றன்றோ?

ஷூஹார்ட் 1891ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 18ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இலினோய் மாநிலத்திலே நியூ கன்ரன் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். இலினோய்ப் பல்கலைக்கழகத்திற் பயின்று இளமாணி, முதுமாணிப் பட்டங்களைப் பெற்றார். பின்னர்க் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகஞ் சென்று, பௌதிகவியலில் ஆராய்ச்சி செய்து, 1917இற் கலாநிதியானார். ஆசிரியத் தொழிலையும் அவர் சிறிது காலம் பார்த்ததுண்டு. விஸ்கொன்சின் மாநிலத்து லா குறொஸ் நகரிலிருந்த ஆசிரிய பயிற்சிக் கல்லூரியிலே பௌதிகவியற் பகுதிக்குத் தலைமை தாங்கினார். அங்கேயே தங்கியிருப்பின் நல்லாசிரியர் ஒருவராய் ஓய்வு பெற்றிருப்பார். 1918இல் வெஸ்ரேண் இலெக்றிக் என்னுங் கொம்பனியிற் பொறியியலாளராய்ச் சேர்ந்தமையே அவர் வாழ்வின் திருப்பமாயிற்று.

அக் கொம்பனி அமெரிக்கத் தொலைபேசிச் சேவைக்கு வேண்டிய கருவிகளைச் செய்து கொடுப்பது. சிக்காகோ நகருக்கு அணித்தாய சிசரோ என்னும் ஊரிலே, ஹோதோண் எனப் பெயரிய அதன் தொழிற்சாலையிற் பல்லாயிரம் பேர் வேலை செய்தனர். தொலைபேசிக் குரலைப் பெருக்குங் கருவிகள் முதலியன நிலத்தின்கீழ்ப் புதைக்கப்படுவன. ஒன்று பழுதாயின் தோண்டியெடுத்தே திருத்தல் வேண்டும். ஆதலாற் பழுதாகாத பொருளைச் செய்தல் அக் கொம்பனிக்குப் பெருங் காரியமாயிருந்தது. அதற்கு அன்றிருந்த வழியோ ஒன்றே: செய்து முடித்த பொருள்களைப் பரிசோதகர் பார்வையிட்டுத் தீயனவற்றைக் கழித்து விடுவர். கழிக்கப்பட்ட பொருளிற் செலவான உலோகமும் உழைப்பும் போனவை போனவையே.

இதனினும் நுண்ணிய தீங்கொன்றும் இருந்தது. அளவு சற்றுக் கூடினாலுங் குறைந்தாலும் இயந்திரத்தைத் திருகித் திருத்துவர். நேற்றைய வேலை நன்றாயிருந்ததே, இன்று ஏன் தாழ்ந்தது எனத் தொழிலாளியைக் கடிவர். இங்ஙனம் ஓயாது திருத்தத் திருத்த வேறுபாடு குறையவில்லை, மிகுந்தது. அறிவும் அக்கறையும் உடையோர் செய்த காரியமே தரத்தைக் கெடுத்ததென்பதுதான் இதிலுள்ள வியப்பு.

1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள், ஷூஹார்ட் தம் மேலாளரான ஜோர்ஜ் எட்வேட்ஸ் என்பாரிடம் ஒரு குறிப்பை அனுப்பினார். அதன் நீளம் ஏறக்குறைய ஒரு பக்கமே. அப்பக்கத்தில் மூன்றிலொரு பங்கை ஓர் எளிய படம் நிரப்பிற்று. நடுவே ஒரு கோடு, மேலே ஓர் எல்லை, கீழே ஓர் எல்லை, இவற்றிடையே காலவொழுங்கிற் புள்ளிகள். இன்று உலகெங்கும் வழங்குங் கட்டுப்பாட்டு வரைபடம் அதுவே.

அப்படத்தின் பின்னிருந்த கருத்து யாது? இயற்கையிலும் செயற்கையிலும் ஒன்றையொன்று முற்றும் ஒத்த இரண்டு பொருள்கள் இல்லை. ஒரே இயந்திரம், ஒரே தொழிலாளி, ஒரே உலோகம் ஆயினும் அளவுகள் சிறிது வேறுபட்டே தீரும். இவ்வேறுபாட்டுக்கான காரணங்களை ஷூஹார்ட் இரு கூறாக்கினார். எண்ணிறந்தனவாய், தனித்தனி மிகச் சிறியனவாய், எப்பொழுதும் உடனிருப்பன எழுமாற்றுக் காரணங்கள். தேய்ந்த உளி, மாறிய மூலப்பொருள், பயிற்சியில்லாத புதிய கை என்றாற்போலத் தேடிக் கண்டுபிடிக்கத் தக்கன மற்றையவை. முதலாம் வகை வேறுபாடு அத்தொழில்முறைக்கே உரியது. முறையையே மாற்றினாலன்றி அது குறையாது. அதன்பொருட்டுத் தொழிலாளியை வைவது மழை பெய்ததற்காகக் குடையை அடிப்பதை ஒக்கும். இரண்டாம் வகை தோன்றியவுடன் தேடி நீக்கத் தக்கது. இரண்டையும் பிரித்தறியும் அளவுகோலாகவே அவ்வெல்லைக் கோடுகள் அமைந்தன.

ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். ஓர் இயந்திரம் செய்யும் உலோகத் துண்டுகளை மணிக்கு ஐந்தாக எடுத்து அளக்கின்றோம் எனக் கொள்க. ஐந்தின் இடையையும், அவற்றுட் பெரியதற்குஞ் சிறியதற்கும் உள்ள வித்தியாசமாகிய வீச்சையும் குறித்து வருகின்றோம். பல மணி நேரத்து இடைகளின் இடை 40 மில்லிமீற்றர்; வீச்சுக்களின் சராசரி 1 மில்லிமீற்றர். ஐந்து கொண்ட மாதிரிக்கு வழங்கும் எண் 0.577. இதனைச் சராசரி வீச்சாற் பெருக்கிக் கூட்டவுங் கழிக்கவும் எல்லைகள் 40.577, 39.423 ஆகின்றன. ஒரு மணியின் இடை 39.6 என வந்தால் மேற்பார்வையாளர் மனம் பதறும். ஆயினும் அது எல்லைக்குள்ளே நிற்றலின், வேறு ஒழுங்கான போக்கொன்றுந் தோன்றாவிடின், இயந்திரத்தைத் தொடாதிருத்தலே தகும். சீராக நடக்கும் இயந்திரத்தை ஒவ்வொரு துண்டின் வழுவுக்கும் ஈடாகத் திருத்திக்கொண்டே போனால், நியம விலகல் ஏறத்தாழ 1.4 மடங்காகுமென்பதைக் கணிதம் அறிந்தார் எளிதிற் காட்டுவர்.

அக்காலத்து எழுதுவினைஞர் இக்கணக்கைத் தாளிலும் பென்சிலிலும் செய்தனர். இன்று எக்செல் போன்ற விரிதாள் மென்பொருள் கைவரப்பெற்ற மாணவன் இமைப்பொழுதிற் செய்வான். வசதி பெரிது, அதனோடு வழுக்கும் இடங்களும் உள. எல்லா எண்களையும் ஒரு நிரலிலிட்டு, நியம விலகல் காணும் சூத்திரத்தை முழு நிரலுக்கும் ஏவி, அதன் மும்மடங்கை எல்லையாக வரைவார் பலர். நடுவிலே இயந்திரம் இடம்பெயர்ந்திருப்பின், அப்பெயர்ச்சியே நியம விலகலைப் பெருக்கி, எல்லைகளை அகட்டி, தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும். இதனாலேயே ஷூஹார்ட் அடுத்தடுத்துச் செய்த சில பொருள்களைச் சிறு கூட்டமாக்கி, அக்கூட்டத்தின் உள்ளே காணும் வேறுபாட்டையே அளவுகோலாகக் கொண்டார். விரிதாளில் எண்களை ஏறுவரிசையில் அடுக்கும் பொத்தானும் அத்தகையதே. அதனை ஒருமுறை அழுத்திய மாத்திரத்திற் காலவொழுங்கு அழிந்துபோம். காலவொழுங்கு அழிந்த பின் அப்படத்திலே பார்க்க என்ன இருக்கின்றது? வாங்குவோர் கேட்கும் அளவெல்லையைக் கட்டுப்பாட்டு எல்லையென வரைதலும் தவறே. முன்னது வாங்குவோரின் விருப்பம். பின்னது இயந்திரத்தின் இயல்பு.

மீண்டும் அவர் வரலாற்றுக்கு வருவோம். நியம விலகலின் மும்மடங்கை எல்லையாகக் கொண்டது ஏன் எனப் பலர் வினவுவர். செவ்வன் பரம்பலில் 1000க்கு 997 அளவில் அவ்வெல்லைக்குள் அடங்கும் என்பது உண்மை. ஆனால் ஷூஹார்ட் அதனையே ஆதாரமாகக் கொள்ளவில்லை. இல்லாத குற்றத்தைத் தேடி அலைவதும் நட்டம், இருக்குங் குற்றத்தைக் காணாது விடுவதும் நட்டம். இவ்விரண்டையுஞ் சீர்தூக்கி நடைமுறையிற் பயன்படுவதெனக் கண்டே அதனைத் தெரிந்தார். பரம்பல் செவ்வனாய் இல்லாதவிடத்தும் இம்முறை நிற்குமா எனக் காணக் கிண்ணங்களிலே எண் பொறித்த சில்லுகளை இட்டார். ஒரு கிண்ணத்தின் பரம்பல் செவ்வன், மற்றொன்று செவ்வக வடிவினது, பிறிதொன்று முக்கோண வடிவினது. ஒவ்வொரு சில்லாக எடுத்து, குறித்து, மீண்டும் இட்டுக் கலக்கி, நான்கு கொண்ட மாதிரிகள் ஆயிரமாயிரமாகச் சேர்த்தார். கலாநிதிப் பட்டம் பெற்ற பௌதிக அறிஞர் கிண்ணமுஞ் சில்லுமாய் இருந்த காட்சி பார்ப்பார்க்கு விளையாட்டாகத் தோன்றியிருத்தல் கூடும். கணினி இல்லாத அந்நாளிற் கொள்கையை மெய்ப்பிக்கும் பரிசோதனை அதுவே.

1925இல் பெல் தொலைபேசி ஆய்வுகூடங்கள் நிறுவப்பட்டபோது ஷூஹார்ட் அங்கு மாறினார். 1956இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். செய்பொருட் தரத்தின் சிக்கனக் கட்டுப்பாடு பற்றிய அவரது பெருநூல் 1931இல் வெளிவந்தது. அது கற்றற்கு எளியதன்று; ஒரு வசனத்துள் எல்லா ஐயங்களையும் அடைத்துவிட முயலும் நடை அவருடையது. எனினும் அறிஞர் அதனை விடவில்லை. 1932இல் அவர் இலண்டனிற் சொற்பொழிவாற்றினார். ஈகன் பியேர்சன் இத்துறையில் ஈடுபட, 1935இற் பிரித்தானிய நியமம் 600 வெளியாயிற்று.

அவரிடம் கற்றவருள் எட்வேட்ஸ் டெமிங் தலைசிறந்தவர். 1938இல் வாஷிங்ரனில் விவசாயத் திணைக்களத்தின் பட்டப்பின் படிப்புப் பள்ளியிலே ஷூஹார்ட் நிகழ்த்திய விரிவுரைகளை டெமிங் செப்பனிட்டு, 1939இல் நூலாக்க உதவினார். வரையறுத்தல், செய்தல், பரிசோதித்தல் என்னும் மூன்றையும் நேர்கோட்டில் வையாது வட்டமாகச் சுழலவிட்டது அந்நூல். இரண்டாம் உலகப் போரிற் படைக்கலஞ் செய்வோர்க்கென அமெரிக்கா 1941, 1942 ஆண்டுகளில் வகுத்த நியமங்களில் ஷூஹார்ட்டின் வரைபடம் இடம்பெற்றது. 1950இல் டெமிங் யப்பான் சென்று இதே கலையைப் போதித்தார். யப்பானியர் 1951இல் டெமிங் பெயராற் பரிசொன்றை நிறுவினர். குருவின் பெயர் பின்னே நிற்கச் சீடர் பெயர் உலகறிந்ததாயிற்று. டெமிங்கோ தாம் கற்றது யாரிடம் என்பதை என்றும் மறைத்தாரல்லர்.

எம் அயல்நாட்டுக்கும் ஷூஹார்ட் வந்ததுண்டு. கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிபர நிறுவனத்தை அமைத்த பேராசிரியர் மகலனோபிஸ் அழைக்க, 1947-48இல் இந்தியா போந்து, பல இடங்களுக்குஞ் சென்று, தொழிலதிபரைக் கூட்டி இம்முறையின் பயனை விளக்கினார். பின்னர் அந்நிறுவனம் இந்திய நகரங்கள் பலவற்றிலே தரக் கட்டுப்பாட்டுக் கிளைகளை நிறுவிற்று. அதற்கு முன்னரே, 1945இல், அமெரிக்கப் புள்ளிவிபரவியற் சங்கத்தின் தலைவராகவும் அவர் வீற்றிருந்தார். 1946இல் தோன்றிய அமெரிக்கத் தரக் கட்டுப்பாட்டுச் சங்கம் அவரைத் தன் முதற் கௌரவ உறுப்பினராக்கியது; அவர் பெயராற் பதக்கமும் வழங்கி வருகின்றது.

ஷூஹார்ட் 1967ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் நாள், நியூ ஜேர்சி மாநிலத்து ற்றோய் ஹில்ஸ் என்னும் ஊரிற் காலமானார். எழுபத்தாறாவது பிறந்தநாளுக்கு அப்பொழுது ஒரு வாரமே இருந்தது. ஹோதோண் தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டது. அங்கு செய்த தொலைபேசிகளை இன்று பெரும்பாலும் எவரும் பயன்படுத்துவதில்லை. மருந்து செய்யுஞ் சாலைகளிலும் ஆய்வுகூடங்களிலும் மருத்துவமனைகளிலும் அந்த ஒரு பக்கக் குறிப்பின் கோடுகள் நாள்தோறும் வரையப்பட்டு வருகின்றன.