புலி முத்திரைத் துப்பாக்கி

இங்கிலாந்தில் பெர்க்‌ஷயர் என்று ஒரு வட்டாரம் உண்டு. அங்கே ஒரு குடும்பத்தாரிடம் சில பழைய ஆயுதங்கள் பரம்பரையாக இருந்து வந்தன. வெள்ளி வேலைப்பாடு கொண்ட ஒரு துப்பாக்கி, சில வாள்கள். 2019-ஆம் ஆண்டில் அவை ஏலத்துக்கு வந்தன. ஆயுதங்களின் சரித்திரம் அறிந்தவர்கள் அந்தத் துப்பாக்கியைப் பார்த்துச் சொன்ன பெயர், திப்பு சுல்தான்!

இருநூறு ஆண்டுகளுக்கு முன் மைசூரை ஆண்ட மன்னரின் துப்பாக்கி அது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

துப்பாக்கி பேசும் பாஷை

திப்புவின் ஆயுதங்களுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. அது புலிக்கோடு. அவருடைய சிங்காதனத்தில் புலி. சிப்பாய்களின் சட்டையில் புலிக்கோடு. துப்பாக்கிக் குழலிலும் அதே கோடு. பல துப்பாக்கிகளில் தந்தை ஹைதர் அலியின் பெயரைக் குறிக்கும் முத்திரையும் இருக்கும். செய்த ஊர், ஆண்டு ஆகியவையும் பொறித்திருப்பார்கள்.

அந்த ஆண்டைப் படிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. திப்பு புதிதாக ஓர் ஆண்டுக் கணக்கை ஏற்படுத்தினார். எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். 1224 என்பதை 4221 என்று எழுதினால் எப்படி இருக்கும்? அப்படி! இது தெரியாதவர்கள் ஏமாந்து போவார்கள்.

அவருடைய கைத்துப்பாக்கிகள் ஜோடி ஜோடியாகச் செய்யப்பட்டன. ஒன்றுக்கு வலப்பக்கம் விசையமைப்பு, மற்றொன்றுக்கு இடப்பக்கம். இரண்டையும் சேர்த்து வைத்தால், கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல இருக்கும். விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசும், பொறி பறக்கும், மருந்து வெடிக்கும். பிரெஞ்சுத் தொழிலாளரை வரவழைத்து, சொந்த நாட்டிலேயே இவற்றைச் செய்வித்தார் திப்பு.

ஆர்க்காடு தந்த பெயர்

திப்பு பிறந்த ஊர் பெங்களூருக்கு அருகிலுள்ள தேவனஹள்ளி. ஆண்டு 1750 வாக்கில். ஆனால் பெயர் நம் தமிழ்நாட்டுப் பெயர். ஆர்க்காட்டில் அடங்கிய திப்பு மஸ்தான் அவுலியா என்ற மகானின் பெயரையே பெற்றோர் பிள்ளைக்கு வைத்தார்கள்.

பதினேழு வயதிலேயே குதிரைப் படையுடன் சென்னையின் சுற்றுப்புறம் வரை வந்து கும்பினியாரைக் கலங்க வைத்தார். 1780 செப்டம்பர் 10-ந் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் பெரும் போர் நடந்தது. மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் சீறிப் பாய்ந்தன. வெள்ளைக்காரர்களின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. கர்னல் பெய்லி சிறைப்பட்டார்.

பழவேற்காட்டில் நடந்தது

அடுத்த ஆண்டு போர் பழவேற்காடு ஏரிப் பக்கம் திரும்பியது. இது மீனவர் ஊர். இங்கே டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியாக் கோட்டையைக் கட்டினார்கள். பிறகு வெடிமருந்தும் செய்தார்கள். 1781-ல் கும்பினியார் அந்த ஊரைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போது கர்னல் பியர்ஸ் தலைமையில் வங்காளத்திலிருந்து ஒரு பட்டாளம் கடற்கரையோரமாக வந்துகொண்டிருந்தது. அதை வழிமறிக்கத் திப்புவை அனுப்பினார் ஹைதர் அலி. ஆனால் தளபதி அயர் கூட் முந்திக்கொண்டார். ஆகஸ்டு மாதம் பழவேற்காட்டில் இரு பட்டாளங்களும் ஒன்று சேர்ந்துவிட்டன. ஒரு நல்ல வாய்ப்பு திப்புவின் கை நழுவிப் போயிற்று.

பணயமாகப் போன பிள்ளைகள்

1782 டிசம்பரில் ஹைதர் அலி காலமானார். திப்பு மன்னரானார். 1784-ல் கும்பினியார் அவருடன் சமாதானம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

அவர் ஆட்சியில் ஒளியும் உண்டு, இருளும் உண்டு. மராட்டியப் படை சூறையாடிய சிருங்கேரி மடத்துக்கு உதவி அனுப்பினார். குடகிலும் மலையாள நாட்டிலும் அவர் படைகள் செய்த கொடுமைகளை அங்குள்ளோர் இன்றும் மறக்கவில்லை.

1790-ல் மீண்டும் போர். கும்பினி, நிஜாம், மராட்டியர் ஆகிய மூவரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். 1792-ல் திப்பு பணிந்தார். பாதி ராஜ்யம் போயிற்று. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார். அதற்கு ஈடாக, பத்து வயதும் எட்டு வயதும் மதிக்கத்தக்க இரு மகன்களைப் பணயமாக ஒப்படைத்தார். சிறுவர்கள் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டு, 1794-ல்தான் வீடு திரும்பினார்கள்.

கடைசி நாள்

1799 மே 4-ந் தேதி நண்பகல். ஸ்ரீரங்கப்பட்டணத்தை எதிரிகள் சூழ்ந்திருந்தார்கள். திப்பு உணவுக்கு உட்கார்ந்த வேளையில், உண்மைத் தளபதி சையது கபார் குண்டுபட்டு இறந்த செய்தி வந்தது. உணவை விட்டு எழுந்தார். கோட்டைச் சுவரின் உடைப்புக்கு அருகே நின்று போரிட்டார். வேலையாட்கள் மருந்து கெட்டித்த துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவரே வாங்கிச் சுட்டார்.

மதில் விழுந்தது. உடம்பில் பல காயங்கள். கோட்டை வாசலில் பிணங்களுக்கு நடுவே சாய்ந்தார். ஒரு வெள்ளைச் சிப்பாய் அவருடைய அரைக்கச்சையைப் பறிக்க வந்தான். சாகும் தறுவாயிலும் திப்பு வாளை வீசினார். சிப்பாய் அவர் நெற்றிப்பொட்டில் சுட்டான். தான் கொன்றது மன்னரை என்று அவனுக்குத் தெரியாது! இரவில் விளக்கு வெளிச்சத்தில் தேடித்தான் உடலைக் கண்டெடுத்தார்கள்.

சிதறிய செல்வம்

பிறகு கொள்ளை. மிஞ்சிய அரண்மனைப் பொருள்களைக் கணக்கெடுத்து, பதவிக்கு ஏற்றபடி பங்கு போட்டார்கள். அப்படிக் கப்பலேறிய பொருள்கள் ஏராளம். மேஜர் தாமஸ் ஹார்ட் என்ற கும்பினி அதிகாரி கொண்டுபோனவைதான் அந்தப் பெர்க்‌ஷயர் குடும்பத்துக்கு வந்த ஆயுதங்கள். 2019 மார்ச் மாத ஏலத்தில் துப்பாக்கி மட்டும் 60,000 பவுனுக்குப் போயிற்று. அதற்கு முன் 2015-ல் லண்டனில் நடந்த ஏலத்தில், திப்புவின் வாள்களும் துப்பாக்கிகளும் மொத்தம் 60 லட்சம் பவுனுக்கு மேல் விலை போயின.

ராஜ்யம் போயிற்று. சிங்காதனத்தைத் துண்டு துண்டாக உடைத்தார்கள். பிள்ளைகள் வேலூர்க் கோட்டையில் அடைபட்டார்கள். ஆனால் இரும்பில் வெட்டிய புலிக்கோடு மட்டும் அழியவில்லை. தூர தேசத்து வீட்டில் கிடந்தும் தன் எஜமானரின் பெயரைச் சொல்லிவிட்டது.

உங்கள் வீட்டிலும் பாட்டன் காலத்து வாளோ, செப்பேடோ, ஓலைச் சுவடியோ இருக்கலாம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். எழுத்தும் முத்திரையும் மறைந்துவிடும். யார் கொடுத்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேரப் பிள்ளைகளுக்கு அந்தப் பொருளை விட அந்த நோட்டுப் பெரிய சொத்தாக இருக்கும்.