கடல் கடந்த கூலிகளுக்காக வாதாடிய கோகலே

வானவடியில் உள்ள மகாதஜி சிந்தேயின் சத்ரியைக் காணாத தமிழ்க் குடும்பம் நம்மிடையே இராது. வாளேந்திய வீரர்களின் நினைவைப் போற்றுவதில் புனே நகரம் பெயர் பெற்றது. இதே நகரில், சொல்லையே வாளாகக் கொண்டு, தமக்குத் தெரியாத மொழி பேசிய ஏழைத் தமிழர்களுக்காகப் போராடிய பெருமகனார் ஒருவரும் வாழ்ந்தார். அவர்தாம் கோபாலகிருஷ்ண கோகலே. மராத்தியர் அவரை நாமதார் கோகலே என்பர். நாமதார் என்பது சட்டசபை அங்கத்தினருக்கு உரிய மரியாதைச் சொல். காந்தியடிகளின் அரசியல் குரு என்ற அளவில் நம் பிள்ளைகள் அவரை அறிவார்கள். ஆனால் தமிழர் அவருக்குப் பட்டுள்ள கடன் தனியானது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோகலே 1866-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் இரத்தினகிரி ஜில்லாவிலுள்ள கோத்லுக் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளம்பிராயத்திலேயே தந்தையை இழந்தார். தமையனார் தமக்குக் கிடைத்த 15 ரூபாய்ச் சம்பளத்தில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பி வந்தார். கோகலே 1884-இல் பட்டம் பெற்றுப் புனேயில் ஆசிரியரானார். பெர்குஸன் கல்லூரியில் கற்பித்து 1902-இல் ஓய்வு பெற்றார். பள்ளி மாணவர்களுக்குக் கணித நூலும் எழுதினார்.

அந்தக் கணித அறிவுதான் பின்னர் வைஸ்ராயின் சட்டசபையில் அவருக்குக் கைகொடுத்தது. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் சர்க்காரின் கணக்கைக் கொண்டே சர்க்காரை மடக்குவார். மணங்குக்கு இரண்டரை ரூபாயாக இருந்த உப்பு வரி 1907-க்குள் ஒரு ரூபாயாகக் குறைந்தது. அவர் விடாது வற்புறுத்தி வந்தது அதற்கு ஒரு காரணமாகும். 1905-இல் அவர் இந்திய ஊழியர் சங்கத்தைப் புனேயில் நிறுவினார். அவ்வாண்டே காசிக் காங்கிரஸுக்கும் தலைமை வகித்தார்.

இனித் தமிழர் கதைக்கு வருவோம். பஞ்சத்தாலும் வேலையின்மையாலும் வாடிய நம் மக்களை ஆள் பிடிப்போர் ஆசை காட்டி அழைத்துச் சென்றனர். நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு முதற் கப்பல் 1860-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டது. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங், பின் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறும். ஒப்பந்தம் முடிந்தவர்கள் தாய்நாடு திரும்ப வேண்டும். அல்லது மீண்டும் கூலியாகக் கையெழுத்திட வேண்டும். இரண்டுக்கும் இசையாதவர்கள் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895-இல் சட்டம் பிறந்தது. பின்னர் 16 வயது நிரம்பிய ஆண் பிள்ளைக்கும் 13 வயது நிரம்பிய பெண்ணுக்கும் அவ்வரி விதிக்கப்பட்டது.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். கணவன், மனைவி, வயது வந்த மக்கள் இருவர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டு வரி 12 பவுன், அதாவது 240 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டுக் கூலியான 14 ஷில்லிங்கைப் பன்னிரண்டு மாதமும் செலவின்றிச் சேர்த்தாலும் 168 ஷில்லிங்தான். வரி கட்ட இயலாதவன் மீண்டும் தோட்டத்துக்கே திரும்புவான். சட்டத்தின் உட்கருத்தும் அதுவே!

1910-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் கோகலே, நேட்டாலுக்குக் கூலிகளை அனுப்புவதைத் தடுக்க வேண்டும் என்று சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். இந்தியக் கூலிகள் இல்லையேல் அங்குள்ள தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் முடை உண்டாகும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். சர்க்கார் தீர்மானத்தை ஏற்றது. 1911 ஜூலை முதல் நாளிலிருந்து நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றது.

அவர் அத்துடன் அமையவில்லை. 1912 மார்ச்சு 4-ஆம் நாள், எந்த நாட்டுக்குமே ஒப்பந்தக் கூலி முறை கூடாது என்று மற்றொரு தீர்மானம் கொண்டுவந்தார். அறியாத நாட்டில், அறியாத எசமானனிடம், முன்னரே விளக்கப்படாத சட்டத்துக்கு உட்பட்டு, சிறு பிழைக்கும் சிறைத் தண்டனை பெறும் நிலையை அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விதியால் விளைந்த சீர்கேட்டையும் மறைக்காது கூறினார். இம்முறை உள்ள நாடுகளில் இந்தியர் எவராயினும் கூலி என்றே இழிவாக எண்ணப்படுவர் என்றும் சுட்டினார். இந்திய அங்கத்தினர் 22 பேர் ஆதரித்தனர். அதிகாரிகளின் பெரும்பான்மையால் தீர்மானம் தோற்றது. வெற்றி கிட்டும் வரை இதே கோரிக்கை மீண்டும் மீண்டும் சபைக்கு வரும் என்று அவர் உறுதியாகத் தெரிவித்தார்.

அவ்வாண்டின் இறுதியில், நீரிழிவு நோயால் நலிந்திருந்தும், அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். காந்தியடிகள் உடன் வர நகரம் நகரமாகச் சுற்றினார். அமைச்சர்களைச் சந்தித்து, 3 பவுன் வரி நீங்கும் என்ற நம்பிக்கையோடு திரும்பினார். அந்த நம்பிக்கை பொய்த்தது. அதனால் 1913-இல் நேட்டால் தொழிலாளர்கள் பல்லாயிரவர் வேலைநிறுத்தம் செய்தனர். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று நோயுற்று 1914 பிப்ரவரியில் உயிர் நீத்ததும் இப்போராட்டத்தில்தான். கோகலே இந்தியாவில் நிதி திரட்டி அனுப்பினார். 1914-இல் அவ்வரி ஒழிந்தது.

1915 பிப்ரவரி 19-ஆம் நாள், 48 வயதில், கோகலே புனேயில் காலமானார். தோற்ற தீர்மானத்தின் வெற்றியை அவர் காணவில்லை. 1916 மார்ச்சில் மதன்மோகன் மாளவியா ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்கும் தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்தபோது சர்க்கார் இசைந்தது. 1917-இல் ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நின்றது. பிஜித் தீவில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் 1920 ஜனவரி முதல் நாள் ரத்தாயின. கோகலேக்குப் பின் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையை ஏற்றவர், தஞ்சைத் தரணியின் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். அவரே 1927-இல் இந்தியாவின் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா சென்றார்.

கோகலேக்குத் தமிழ் தெரியாது. நேட்டால் கூலிகளுக்கு வாக்குரிமை இல்லை. அவரைத் தேர்ந்தெடுத்தவர்களும் அவர்கள் அல்லர். பேசியதால் அவருக்கு ஆதாயம் எதுவும் இல்லை. ஆயினும் அவர்களுடைய கூலிக் கணக்கைத் தம் வீட்டுக் கணக்கைப் போல் அறிந்து பேசினார்.

நாமும் பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்தவர்களே. நம்மில் பலர் உத்தியோக உத்தரவோடு வந்தோம். சங்கமும் பள்ளியும் கோயிலும் அமைத்துக் கொண்டோம். நம் காலனியைச் சுற்றி எழும் மாடிக் கட்டடங்களில் செங்கல் சுமப்பவர்களோ வேற்று மாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து தகரக் கொட்டகையில் வாழ்கிறார்கள். அவர்களுடைய மொழி நமக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர்களுக்குக் கூலி முழுமையாகக் கிடைக்கிறதா, அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று கேட்பதற்கு மொழி தடையாகாது. புனேயில் வாழும் தமிழராகிய நாம் கோகலேக்குப் பட்ட கடனை அடைக்க இதுவே நேரிய வழி.