நீல நிறத்துக்குப் பின்னால் ஒரு மனிதர்



போன வருஷம் எனக்கு மூணு பேப்பர் அரியர். டிப்ளமோவை விட்டுட்டு ஹார்பர்ல ஏதாவது வேலைக்குப் போயிடலாம்னு முடிவே பண்ணிட்டேன். அந்தச் சமயத்தில்தான் லேபில் பாஸ்பரஸ் அளக்கும் ஒரு சோதனை செய்தோம். கரைசலில் அமிலமும் மாலிப்டேட்டும் விட்டு, இன்னொரு மருந்தையும் சேர்த்தால் குழாயில் நீலம் ஏறும். பாஸ்பரஸ் எவ்வளவு அதிகமோ, நீலம் அவ்வளவு அடர்த்தி. அதற்கு ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்று பெயர். சுப்பாராவ் நம்மாளாச்சே, யாருன்னு சாரிடம் கேட்டேன். லைப்ரரிக்குப் போய்ப் பாருடா என்றார். போனேன்.

எல்லப்பிரகத சுப்பாராவ் 1895-இல், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமாவரத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை சென்னையில் எழுதித்தான் தேறினார். அதைப் படித்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது! சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்ததால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. அண்ணனைக் கிராணி நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1920-களில் கப்பலேறி அமெரிக்கா போய், பாஸ்டனில் ஆஸ்பத்திரி ஒன்றில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார்.

1925-இல் பேராசிரியர் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் அளக்கும் முறையை வெளியிட்டார். அதுதான் நம்ம நீலம். அடுத்த சில ஆண்டுகளில், தசை இயங்கச் சக்தி தரும் பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. ஆகியவை பற்றிய கட்டுரைகளும் வந்தன.

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்கள், யாருடைய முறையைப் பயன்படுத்தினோம் என்று கடைசியில் குறிப்பார்கள். அப்படி 1925-ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிட்டவை பத்தாயிரத்துக்கும் மேல். காரணம் ரொம்ப எளிது. எந்த ஊர் லேபில் யார் செய்தாலும் அதே நீலம் வரும்படி அந்த முறையைத் தெளிவாக எழுதி வைத்திருந்தார்கள். இருந்தும் ஹார்வர்டு சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி தரவில்லை.

1940-இல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார். அவர் தலைமையில் 1945-இல் ஃபோலிக் அமிலம் செயற்கையாகத் தயாரானது; அண்ணனைக் கொண்டுபோன கிராணிக்கும் அது மருந்தானது. பிறகு அந்த ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள்களை அவர் குழுவினர் உருவாக்கினார்கள். அதில் ஒன்றான அமினாப்டெரினை, பாஸ்டனில் டாக்டர் ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்குக் குணம் தெரிந்ததாக 1948 ஜூனில் செய்தி வெளியானது. அந்தக் குணம் சில மாதம்தான் நின்றது. ஆனாலும் அதுவரை கைவிரித்து நின்ற வைத்தியத்துக்கு அதுதான் முதல் வழி. அடுத்த இரண்டே மாதத்தில், 53 வயதில், சுப்பாராவ் இறந்துபோனார். 1995-இல் அவர் நூற்றாண்டுக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

எங்க தெருவில் ஒரு சின்னப் பிள்ளைக்கு அதே நோய். மாத்திரை வாங்க மெடிக்கலுக்கு நான்தான் ஓடுவேன். அட்டையில் மெத்தோட்ரெக்சேட் என்று இருக்கும். அதுவும் அதே குழுவின் உழைப்பில் பிறந்ததுதான் என்று தெரிந்த அன்றைக்கு, கடை வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அந்தப் பிள்ளை இப்போ ஸ்கூலுக்குப் போகிறது.

என் தாத்தா முத்துக்குளித்தவர். 1961-க்குப் பிறகு நம்ம கடலில் முத்துக்குளிப்பே இல்லாமல் போச்சு. முத்து மாலை போட்டவங்களை எல்லாருக்கும் தெரியும், மூச்சடக்கி எடுத்தவனை யாருக்குத் தெரியும் என்று அடிக்கடி சொல்வார். எனக்கு சுப்பாராவ் ஞாபகம்தான் வரும்.

அரியர் இரண்டை முடித்துவிட்டேன். பாக்கி ஒன்றுதான். ரெக்கார்டு நோட்டையும் இப்போ காப்பி அடிப்பதில்லை. நான் செய்ததையே எழுதுகிறேன். இன்னொருத்தன் படித்துச் செய்தால், அவனுக்கும் அதே நீலம் வரணுமே!